மூன்று கிலோவுக்குள்

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். சின்சில்லா என்று ஒரு சின்னப் பிராணி தென்னமெரிக்க மலைகளில் இருக்கிறது. குளிருக்கென்றே பிறந்தது. அதை இங்கே கொண்டுவந்தால் கச்சான் என்னும் சுடுகாற்று தொடங்கிய முதல் கிழமையே அதன் கதை முடிந்துவிடும். நான் வளர்த்தது அதுவல்ல. அதன் உரோமத்தைப் போன்ற உரோமம் இருப்பதால் ஒரு முயல் இனத்துக்கும் சின்சில்லா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என்னுடையது அந்த முயல். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் என் மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, கடைசிவரை அதைச் "சிஞ்சிலி" என்றுதான் சொன்னாள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துப் போனது.

தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறம்தான். பக்கத்தில் போய் முதுகு உரோமத்தில் மெல்ல ஊத வேண்டும். உரோமம் வட்டமாக விலகும். அடியில் கருநீலம், அதற்கு மேல் முத்து வெள்ளை, நுனியில் மெல்லிய கறுப்பு. ஊதுவதை நிறுத்தினால் எல்லாம் மூடிக்கொள்ளும். விற்றவர் அப்படி ஒருமுறை ஊதிக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நான் உப தபால் கந்தோர் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். பார்சல் நிறுப்பது, முத்திரை குத்துவது, "ரெண்டு கிராம்தானே கூட, விடுங்களன்" என்று கெஞ்சுகிறவர்களுக்கு முடியாது என்று சொல்வது. ஊரில் என்னைக் கடும் மனிசி என்பார்கள். தராசு காட்டுவதைச் சொன்னால் ஏன் கோபப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை. ஆனால் இத்தனை வருடமும் மற்றவர்களின் பொருளைத்தான் நிறுத்திருக்கிறேன். என்னுடையது என்று ஒன்றை நாலு பேர் பார்க்கும் மேசையில் வைத்து, நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் போலிருந்தது. சின்ன ஆசைதான். நாற்பத்தெட்டு வயதில் வந்தபடியால் அது கொஞ்சம் பலமாகப் பிடித்துக்கொண்டது.

வவுணதீவுப் பக்கம் எங்கள் வளவின் கோடிப்புறத்தில், வீட்டுக்குப் பின்னால் மாமரத்தின் கீழ் இரண்டு கூடுகள். முதல் வாங்கியது பெட்டை. மூன்று மாதம் கழித்து வாங்கியது கடுவன், அதாவது ஆண், உடம்பில் கொஞ்சம் சிறியது. இரண்டுக்கும் பெயர் வைக்கவில்லை. இரண்டையும் "புள்ள" என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் அது பெண்களைக் கூப்பிடும் சொல். இவர், என் கணவர், என்னைக் கூப்பிடுவதும் புள்ள, நான் மச்சாளின் மகளைக் கூப்பிடுவதும் புள்ள. கடுவனுக்கும் அதையே சொன்னது என் வாய்ப்பழக்கம். கொஞ்சும்போது எனக்கு வேறு சொல் வராது. அது கடுவன் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

பெட்டைக்கு ஆறு மாதம் முடிந்த நேரம், மட்டக்களப்பு நகரில் செல்லப் பிராணிகள் வளர்க்கும் சிலர் சேர்ந்து ஒரு காட்சி வைப்பதாகப் போனில் செய்தி வந்தது. முயலுக்குத் தனிப் பிரிவு. விதிகளை மூன்று தரம் வாசித்தேன். சின்சில்லாப் பெட்டை இரண்டரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது, மூன்று கிலோவுக்குக் கூடக் கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும், காது துப்புரவாக இருக்க வேண்டும், மேசையில் அடக்கமாக இருக்க வேண்டும். குட்டி வயிற்றிலிருப்பதும் பால் கொடுப்பதும் சேர்த்துக்கொள்ளப்படாது. அந்தக் கடைசி வரி எனக்கானதல்ல என்று தாண்டிப் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் குசினியிலிருக்கும் சமையல் தராசில் நிறுத்து எழுதுவதற்கு ஒரு கொப்பி போட்டிருந்தேன். அதில் அந்த ஞாயிறு இரண்டாயிரத்து எழுநூற்றுப் பத்துக் கிராம் என்று இருந்தது. நடுவிலே அழகாக நிற்கும் நிறை. விண்ணப்பித்துவிட்டேன்.

காட்சிக்கு ஒரு மாதம் இருக்கையில் கல்முனையில் ஒரு கலியாணம். செவ்வாய் போய்ப் புதன் பின்னேரம் திரும்பினோம். முயல்களுக்குத் தீனும் தண்ணியும் வைக்கும்படி மச்சாளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். வந்ததும் வராததுமாகக் கோடிப்புறம் போய்ப் பார்த்தேன். இரண்டும் அதனதன் கூட்டில் இருந்தன. "ரெண்டு புள்ளையளும் நல்லாத்தான் இருந்திச்சு மச்சாள்" என்றாள் வேலிக்கு மேலாக. கலியாணப் பலகாரத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு இரண்டாயிரத்து எழுநூற்று முப்பது. அடுத்த ஞாயிறு எழுநூற்றுத் தொண்ணூறு. நல்ல வளர்ச்சி என்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தவர், ஈரக் கையோடு கொப்பியைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாவது ஞாயிறு தொள்ளாயிரத்துப் பத்து. அன்றைக்குக் கொப்பியை அவருக்குக் காட்டவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் தினமும் நிறுத்தேன். புதன்கிழமை காலை, கந்தோருக்குப் போகச் சேலை உடுத்திக்கொண்டே பேசினுக்குள் முயலை வைத்து நிறுத்தபோது தராசு மூவாயிரத்து ஐம்பது என்றது. இறக்கிவிட்டுத் திரும்ப வைத்தேன். மூவாயிரத்து ஐம்பதுதான். காட்சிக்குப் பத்து நாள் இருந்தது.

அன்றைக்குக் கந்தோரில் யாருடனும் சரியாகப் பேசவில்லை. மத்தியானம் முயல் வளர்ப்பவர்களின் வட்ஸ்அப் குழுவில் கேட்டேன்: நிறை ஏறுகிறது, என்ன செய்யலாம்? தீனைக் குறையுங்கள் என்றார் ஒருவர். புல்லை மட்டும் கொடுங்கள் என்றார் இன்னொருவர். மூன்றாவதாக ஒரு பெண், வயிற்றில் குட்டி இருக்குதோ என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கடுவன் பக்கமே போகாதது, தனிக் கூட்டில் இருக்கும் கன்னிக் குமர், தெரியாமல் பேசாதீர்கள் என்று எழுதிவிட்டேன். அவள் பதில் போடவில்லை. நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் தொடக்கம் தீனைப் பாதியாக்கினேன். இரண்டு நாள் கழித்து அதிலும் பாதி. பிறகு கினியாப் புல் மட்டும்.

முயல் சத்தம் போடாது. பசித்தால் பூனையைப் போலக் கத்தாது, நாயைப் போலக் காலடியில் வந்து படுக்காது. தீன் கோப்பையைப் பல்லால் கவ்வித் தூக்கிக் கம்பியில் அடிக்கும், அவ்வளவுதான். டங் டங் என்று அந்தச் சத்தம் காலையில் குசினிவரை கேட்டது. முதல் நாளே கோப்பையைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டேன், சத்தம் நின்றது. மச்சாள் ஒருநாள் முட்டைக்கோவா இலை கொண்டுவந்து கம்பிக்குள்ளால் நீட்டினாள். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். "பசியில கிடக்கிற சீவனுக்கு ஒரு இலை குடுத்தா என்ன மச்சாள்?" என்றாள். காட்சி முடியட்டும், ஒரு வண்டில் இலை குடு என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனாள்.

கச்சான் வேறு வீசிக்கொண்டிருந்தது. வயல் வெளிக்கு மேலால் வரும் அந்தக் காற்றில் கிணற்றடித் துணி கால் மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். போத்தல்களில் தண்ணீரை உறையவைத்து, துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைத்தேன். பெட்டை அதில் சாய்ந்து படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கும். ஒவ்வொரு காலையும் மேசையில் சாக்கு விரித்து ஐந்து நிமிடம் அடக்கமாக இருக்கப் பழக்கினேன். முன்னங்காலைச் சேர்த்து, பின்பக்கத்தை ஒடுக்கி, காதை நிமிர்த்தி. முந்தி நன்றாக இருந்தது. இப்போது கையை வயிற்றுக்குக் கீழே கொண்டுபோனால் உறுமியது. முயல் உறுமும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பட்டினி போட்டால் யாருக்கும் கோபம் வரும்தானே என்று நினைத்தேன். வயிறு கையில் உருண்டையாகத் தட்டுப்பட்டது. இவ்வளவு கொழுப்பு இன்னும் இருக்கிறதே என்று எனக்குக் கவலை.

நிறை இறங்கியது. மூவாயிரத்து நாற்பது, முப்பது, திரும்ப முப்பத்தைந்து. ஒவ்வொரு ஐந்து கிராமுக்கும் என் உடம்பு வியர்த்தது. இவர் ஒருநாள் சொன்னார்: "புள்ள, நீ சாப்பிடுறதும் குறைஞ்சு போச்சு." நான் கவனிக்கவில்லை.

வியாழன் காலை போய்ப் பார்த்தேன். பெட்டை வாய் நிறைய வைக்கோலைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு கூட்டின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் நடந்தது. மூலையில் கொண்டுபோய்ப் போட்டு, மூக்கால் தள்ளி, திரும்ப வந்து கவ்வியது. தின்ன ஒன்றுமில்லாமல் வைக்கோலைத் தின்னப் பார்க்கிறது என்று முடிவு செய்தேன். நிறை ஏறிவிடும் என்ற பயத்தில் கூட்டிலிருந்த வைக்கோலை முழுக்க அள்ளி எடுத்தேன். அது என் கையைக் கடித்தது. இரத்தம் வந்தது. அதன் முதுகில் ஒரு அடி வைத்தேன், மெல்லத்தான், ஆனால் வைத்தேன்.

வெள்ளி காலை கூடெல்லாம் உரோமம். கழுத்துக்குக் கீழேயும் நெஞ்சிலும் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. சொறி என்று நினைத்தேன். நாளைக்குக் காட்சி, இன்றைக்குச் சொறி. கூட்டின் அருகே குந்தியிருந்து அழுதேன். பிறகு எழும்பி, உரோமத்தை ஒன்று விடாமல் கூட்டி, மற்றக் கூட்டிலிருக்கும் கடுவனுக்குத் தொற்றிவிடக் கூடாதென்று குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினேன். முதுகு உரோமம் பழுதில்லை. நடுவர் முதுகைத்தானே ஊதிப் பார்ப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை வெயில் ஏறுமுன் புறப்பட்டோம். கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் பின்னால் இருந்தேன். வலையிறவுப் பாலத்தில் இவர் மெல்லவே ஓட்டினார். தண்ணீருக்கு மேலால் வந்த காற்று அந்த நேரத்திலேயே சுட்டது. கூடைக்குள் கையை வைத்தேன். முயலின் நெஞ்சு மிக வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. பயந்திட்டுது என்றேன். "நீயும்தான்" என்றார்.

மண்டபத்தில் முதலில் நிறுத்தார்கள். அவர்களுடைய தராசு கந்தோர்த் தராசைவிடப் பெரியது. எண்கள் ஓடின, ஓடி நின்றன. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. மூன்று கிலோவுக்குள். எழுதுகிற பெண் சரி என்று அடையாளமிட்டு ஒரு இலக்கத் துண்டைத் தந்தாள். நின்றபடியே கொப்பியை எடுத்து அந்த எண்ணை எழுதினேன். அந்த ஐந்து நிமிடமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. இவரைப் பார்த்துச் சிரித்தேன். பட்டினி போட்டது சரிதான் என்றுகூடச் சொன்னேன்.

நடுவர் ஏறாவூர்க்காரர், நரைத்த தாடி, முழங்கைவரை மடித்த சட்டை. பிஸ்மி சொல்லி முயலைத் தூக்கி மேசையில் வைத்தார். குனிந்து முதுகில் ஊதினார். உரோமம் வட்டமாக விலகியது. கருநீலம், வெள்ளை, கறுப்பு. பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நல்ல வளையம்" என்றார். நான் கேட்க ஆசைப்பட்டது அதுதான். கேட்டுவிட்டேன்.

பிறகு அவர் கை முதுகெலும்பில் போய் நின்றது. விரலால் ஒவ்வொரு முள்ளாகத் தடவினார். முயலை மெல்லத் திருப்பி நெஞ்சைப் பார்த்தார், வயிற்று உரோமத்தில் ஊதினார், உள்ளங்கையை வயிற்றில் அழுத்தாமல் வைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இத எப்ப கடுவனோட விட்டீங்க?"

"விடவே இல்ல."

"விடாம எப்படி? உள்ளுக்குக் குட்டி அசையுது. இண்டைக்கு, இல்லாட்டி நாளைக்கு."

அவர் கை திரும்பவும் முதுகுக்குப் போனது.

"முதுகு முள்ளெல்லாம் கையில வருது. தீன் குறைச்சீங்களா?"

"ஓம்."

"நிறைக்காகவா?"

"ஓம்" என்றேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். தன் கையாலேயே முயலைக் கூடைக்குள் வைத்து, துணியை நனைத்து மூடி, "இத சேர்க்க ஏலாது. மெதுவாக் கொண்டு போங்க. தண்ணி குடுங்க, வயிறு நிறையத் தீன் குடுங்க. வைக்கோல் வைங்க, உரோமத்தப் புடுங்கிப் போட்டிருக்கும், அத எடுத்திராதீங்க" என்றார். அடுத்த முயலைக் கொண்டுவரச் சொன்னார்.

திரும்பிப் போகும்போது இவர் ஒவ்வொரு குழிக்கும் ஓட்டோவை நிறுத்தி இறக்கி ஏற்றினார். பத்து நாளாக நிறையை இறக்கு இறக்கு என்று அந்தச் சீவனைக் கெஞ்சியவள், இப்போது இன்னும் கொஞ்ச நேரம் சுமந்துகொள் என்று கெஞ்சினேன். பாலம் முடிகிற மாதிரியே இல்லை.

மச்சாள் படலையில் நின்றாள். "என்ன மச்சாள், பரிசு கிடைச்சதா?" என்றாள். என் கோபத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அவள் வந்து நின்றாள்.

"நாங்க கல்முனைக்குப் போன நேரம் என்னடி செய்த நீ?"

அவள் திகைத்துப் போனாள். யோசித்துவிட்டு, "ஒண்டும் செய்யல்ல. அது தனியக் கிடந்து ஒரு மாதிரிப் பாத்துக்கொண்டு இருந்திச்சு. துணைக்கு மற்றப் புள்ளையக் கொண்டுபோய் விட்டன். விடிய எடுத்து அதிர கூட்டில விட்டுட்டன்" என்றாள்.

"அது கடுவன்."

"கடுவனா?" அவள் குரல் இறங்கியது. "நீங்கதானே மச்சாள் அதையும் புள்ள, புள்ள எண்டு கூப்பிடுறது."

இவர் ஓட்டோவில் தூர ஓட்டம் போகும் நாட்களில் எனக்குத் துணைக்கு வந்து படுப்பவள் அவள்தான். வீட்டில் ஒரு குமரைத் தனியாக விட்டுவிட்டுப் போக மாட்டோம், யாரையாவது துணைக்கு அனுப்புவோம். அவளுக்குத் தெரிந்த முறையைத்தான் என் முயலுக்கும் செய்திருக்கிறாள். குட்டி வந்தது அவளால் என்றால், பட்டினி அவளால் இல்லை. அவள் நீட்டிய இலையைத் தட்டிவிட்டது என் கை. "உன்னில பிழை இல்லகா" என்றேன்.

கூட்டில் வைக்கோலை நிறையப் போட்டு, ஒரு பலகைப் பெட்டியை உள்ளே வைத்தோம். கோப்பையைத் திரும்ப வைத்து விளிம்புவரை தீனைக் கொட்டினேன். பெட்டை என்னைப் பார்க்காமல் தின்றது. தின்று தின்று நிற்காமல் தின்றது. பிறகு பெட்டிக்குள் போய் நெஞ்சைக் கடித்து உரோமத்தைப் பிடுங்கப் பார்த்தது, அங்கே பிடுங்க அதிகம் இல்லை. முந்திய நாள் பிடுங்கிய அத்தனையும் நான் கொளுத்திய குப்பையில் சாம்பலாகக் கிடந்தது. மச்சாள் வீட்டுக்கு ஓடிப் போய்த் தன் தலையணையைக் கொண்டுவந்து, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, இலவம் பஞ்சைப் பெட்டிக்குள் உதிர்த்தாள்.

பின்னேரம் நாலு மணிக்கு முடிந்துவிட்டது. ஐந்து குட்டிகள், உரோமம் இல்லாமல், கண் மூடியபடி. மூன்று பஞ்சுக்குள் நெளிந்தன. இரண்டு அசையவில்லை. மச்சாள் அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிப் பார்த்தாள், துணியால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் தந்தாள்.

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. குசினிக்குள் போய் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். தராசில் வாழையிலைத் துண்டொன்றை வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து வைத்தேன். அறுபத்தெட்டு கிராம்.

கொப்பியைத் திறந்தேன். புதன்கிழமை மூவாயிரத்து ஐம்பது. அதன் பின் பத்து நாள் வரிசை. கடைசியில் காலையில் மண்டபத்தில் நின்றபடியே சந்தோஷமாக எழுதிய இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. நான் இறக்கியது எழுபது கிராம். இரண்டு கிராம் வித்தியாசம், கந்தோரில் நான் யாருக்கும் விட்டுக் கொடுக்காத இரண்டு கிராம்.

அடுத்த வரியில் அறுபத்தெட்டு என்று எழுதினேன். இவர் வந்து வாசலில் நின்று, "என்ன புள்ள எழுதுறாய்?" என்று கேட்டார். நிறை என்று சொன்னேன்.